600 மி.மீ. லென்ஸ் வாங்க முதல்: காந்தி பூங்காவிலும் வாவிக்கரையிலும் பறவைப் படம்

நீங்கள் கேட்டது இதுதான்: மட்டக்களப்பு நகரில் இருக்கிறீர்கள். கையில் 24 மெகாபிக்சல் கனன் கமராவும் 55-250 மி.மீ. லென்ஸும் உண்டு. காந்தி பூங்காவிலும் அதை ஒட்டிய வாவிக்கரையிலும் பறவை பார்த்துப் படம் எடுக்கிறீர்கள். கொக்கு வெள்ளைத் திட்டாக விழுகிறது, நீர்க்காகம் கறுப்புத் திட்டாக விழுகிறது, மீன்கொத்தி கிட்டப் போனதும் எழும்பிவிடுகிறது, பறக்கும் படம் ஒன்றும் தெளிவில்லை. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரிவருமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு கோளாறில் ஒன்றுகூட லென்ஸின் நீளத்தால் வந்ததல்ல. வெள்ளைத் திட்டு, கமரா வெளிச்சத்தைப் பிழையாக அளந்ததால் வருவது. கறுப்புத் திட்டு, நீங்கள் சூரியனைப் பார்த்தபடி நிற்பதால் வருவது. மீன்கொத்தி எழும்புவது நீங்கள் அதை நோக்கி நடப்பதால். பறக்கும் படம் கெடுவது ஷட்டர் வேகத்தாலும் காற்றுத் திசையாலும். நீளமான லென்ஸ் இவற்றில் எதையும் தீர்த்துத் தராது. கை நடுக்கத்தைப் பெரிதாக்கும், பறக்கும் பறவையைக் கட்டத்துக்குள் பிடிப்பதை இன்னும் கடினமாக்கும்.

தூரக் கணக்கை முதலில் பாருங்கள். உங்கள் கமராவின் சென்சர் ஏறத்தாழ 22 மி.மீ. அகலம். வெண்மார்பு மீன்கொத்தி 28 செ.மீ. நீளமான பறவை. 250 மி.மீ. லென்ஸில் அதை 10 மீற்றரில் எடுத்தால் சென்சரில் 7 மி.மீ. நீளத்துக்கு விழும், அதாவது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1,900 பிக்சல். வெட்டிச் சிறிதாக்கினாலும் தாராளமாகப் போதும். அதே பறவை 20 மீற்றரில் இருந்தால் 3.5 மி.மீ. தான். குருட்டுக்கொக்கு 46 செ.மீ. வரை இருக்கும், 10 மீற்றரில் பாதிப் படத்தை நிரப்பும். 17 செ.மீ. சிறு மீன்கொத்தி ஐந்தில் ஒரு பங்குதான் வரும். 600 மி.மீ. லென்ஸ் 24 மீற்றரில் தருவதை உங்கள் லென்ஸ் 10 மீற்றரில் தருகிறது. இடையில் உள்ள அந்த 14 மீற்றர் சூடான, உப்புக்காற்று நிறைந்த வாவிக்காற்றை எந்த விலை கொடுத்தும் லென்ஸால் நீக்க முடியாது. ஆகவே உங்கள் வேலை, பறவைக்கும் உங்களுக்கும் இடையில் 10 மீற்றர் இருக்கும்படி, வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும்படி, ஒரு இடத்தைத் தெரிந்தெடுத்து அங்கே முன்கூட்டியே இருப்பது.

வெளிச்சம். சூரியன் கடற்பக்கம் எழுந்து, வாவியின் மேற்குக்கரையான படுவான்கரைப் பக்கம் விழுகிறது. காலையில் தண்ணீருக்குக் கிழக்கே, கடலுக்கு முதுகு காட்டி நின்று மேற்கே பாருங்கள். பொழுதுபடும் நேரத்தில் தண்ணீருக்கு மேற்கே நின்று கிழக்கே பாருங்கள். வாவி வளைந்து வளைந்து நகரைச் சுற்றுவதால் ஒரே கரையில்கூடச் சில துண்டுகள் காலைக்கும் சில துண்டுகள் மாலைக்கும் பொருந்தும். உங்கள் நிழல் பறவையை நோக்கி விழுந்தால் இடம் சரி. நிழல் உங்களுக்குப் பின்னால் விழுந்தால், பறவை எவ்வளவு கிட்ட இருந்தாலும் அது கறுப்பு உருவம்தான். ஒரு நாள் கமராவை வீட்டில் வைத்துவிட்டு, காந்தி பூங்காவிலிருந்து மட்டக்களப்பு வாயில் வரை, பிறகு கல்லடிப் பாலம் வரை நடந்து, எந்த இடத்தில் எந்த நேரம் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் மெனக்கேடு லென்ஸ் வாங்குவதைவிடப் பயன் தரும்.

நேரமும் குறுகியது. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் நம் சூரியன் சாய்ந்து ஏறாமல் நேரே ஏறுகிறது. மணித்தியாலத்துக்கு 14, 15 பாகை. ஜனவரிக் கடைசியில் விடிவது 6.20 தாண்டி, மே கடைசியில் 5.45 அளவில், ஒக்டோபர்க் கடைசியில் 5.50 அளவில். விடிந்து 20 நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் வரை நல்ல வெளிச்சம். பிறகு வெளிச்சம் உச்சியிலிருந்து விழும். கொக்கின் முதுகு எரிந்து (வெளிச்சம் மிகுந்து வெறும் வெள்ளையாகி), வயிறு கறுத்துப் போகும். அந்த நேரத்தைப் பூங்கா மரங்களின் நிழலுக்குள் செலவிடுங்கள், அல்லது பைனோகுலருடன் பார்ப்பதோடு நிறுத்துங்கள். மாரியில் மூடிய வானம் இருக்கும் நாட்கள் வெள்ளைப் பறவைகளுக்கு நல்லவை, ஏனென்றால் நிழலுக்கும் வெயிலுக்கும் வித்தியாசம் குறைவு. ஆனால் வெறும் சாம்பல் வானத்தைப் பின்னணியாக வைக்காதீர்கள். தண்ணீரையோ கண்ணாக்காட்டையோ (அலையாத்திக்காடு) பின்னால் வையுங்கள்.

காற்றைப் பலர் கவனிப்பதே இல்லை. பறவை எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசினால், இறங்கும் கொக்கும் ஆலாவும் (டேர்ன்) முகத்தை உங்களுக்குக் காட்டும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் வாலைத்தான் எடுப்பீர்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அந்த மாதங்களில் காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வெயிலும் காற்றும் ஒன்றாகப் பின்னால் இருக்கும். பறக்கும் படத்துக்கு ஆண்டிலேயே சிறந்த காலைகள் மழை விட்ட அந்த நாட்கள்தான். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது காலையில் வெயில் பின்னால், காற்று முன்னால். பறக்கும் படத்துக்கு ஆகாது, நிற்கும் பறவையை எடுங்கள். அதே மாதங்களில் பின்னேரம் தண்ணீருக்கு மேற்கே நின்றால் இரண்டும் சேரலாம். கடற்காற்றுத் திரும்பிவிட்டால் சேராது. தென்னோலையைப் பார்த்துவிட்டு இடத்தைத் தீர்மானியுங்கள்.

இப்போது கமரா. ஷட்டர் வேகத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்துக்கு ஏற்பக் கமரா தானே மாற்றும் உணர்திறன் எண்) 3200க்கு மேல் போகாதபடி மட்டுப்படுத்துங்கள். நிற்கும் பறவைக்கு 1/800 விநாடி. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் சிறு பறவைக்கு 1/1000. கொக்கு, கூழைக்கடா, செம்பருந்து பறக்கும்போது 1/1600. ஆலாவும் மீன்கொத்தியும் பாயும்போது 1/2500 இல்லாமல் சிறகு நுனி தெளியாது. விடிந்து அரை மணித்தியாலத்தில் எப்.5.6 (லென்ஸ் துவாரத்தின் அளவு), 1/1000, ஐ.எஸ்.ஓ. 800 என்று தொடங்கலாம். வெயில் ஏறியபின் எப்.7.1, 1/2000, ஐ.எஸ்.ஓ. 400. லென்ஸை 250இல் முழுதாகத் திறந்து வைப்பதைவிட எப்.7.1இல் சற்றுக் கூர்மை கூடும், வெளிச்சம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கொக்கு வெள்ளைத் திட்டாவது ஏன் என்றால், படத்தில் பெரும்பகுதி இருண்ட தண்ணீர். கமரா அந்தத் தண்ணீரை வெளிச்சமாக்கப் பார்க்கிறது. நடுவில் நிற்கும் கொக்கு எரிந்துபோகிறது. எக்ஸ்போஷர் திருத்தத்தை (கமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு) −2/3 தொடக்கம் −1 1/3 வரை இறக்குங்கள். கொக்கே படத்தை நிரப்பினால் திருத்தம் எதிர்ப்பக்கம், +1/3 வரை. நீர்க்காகமோ காகமோ வானப் பின்னணியில் இருந்தால் +1 முதல் +2 வரை ஏற்ற வேண்டும். வெயிலில் ஒரே இடத்தில் கொக்கும் நீர்க்காகமும் மாறி மாறி வந்தால், இந்தத் திருத்தங்களோடு மாரடிக்காமல் மெனுவல் முறைக்குப் போய்விடுங்கள். கொக்கின் இறகு கோடுகள் தெரியும் அளவுக்கு ஒருமுறை வைத்து, ஐ.எஸ்.ஓ.வையும் நிலைப்படுத்திவிட்டால், வெயில் மாறும் வரை பின்னணி எதுவானாலும் வெள்ளை எரியாது. படத்தைப் பார்க்கும் திரையில் எரிந்த இடம் மினுக்கிக் காட்டும் வசதி உண்டு, அதைப் போட்டு வையுங்கள். ரோ (RAW, கமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும்) கோப்பில் எடுங்கள். இருண்டதை ஓரளவு மீட்கலாம், முற்றாக எரிந்ததை மீட்க முடியாது.

போகஸை ஏஐ சேர்வோவில் (அசையும் பறவையைத் தொடர்ந்து போகஸ் பிடிக்கும் முறை) வையுங்கள். நிற்கும் பறவைக்கு நடுப்புள்ளி ஒன்று மட்டும், அதைக் கண்ணில் வையுங்கள். பறப்பதற்கு நடுப்பகுதிப் புள்ளிக் கூட்டம். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கமரா அலைநுனியையோ கண்ணா வேரையோ பிடித்துக்கொள்ளும். பறக்கும் பறவையைத் தேடும்போது 250இல் தேடாதீர்கள். 100 அளவில் கண்டுபிடித்து, போகஸ் பிடித்தபின் நீட்டுங்கள். விசையை விடாமல் அழுத்தினால் கமராவின் நினைவகம் நிரம்பி, மீன்கொத்தி தண்ணீரைத் தொடும் வேளையில் நின்றுவிடும். மூன்று நான்கு படமாக விட்டு விட்டு எடுங்கள்.

மீன்கொத்தி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கிட்டப் போகும் கலை முழுவதும் அதில் இருக்கிறது. வெண்மார்பு மீன்கொத்தியும் சிறு மீன்கொத்தியும் சில கொப்புகளையும் கம்புகளையும் வழமையாக வைத்திருக்கும். கரையில் நட்டிருக்கும் வலைக்கம்பு, கட்டிவைத்த தோணியின் முனை, தண்ணீருக்கு மேல் நீட்டிய பூவரசங்கொப்பு. கீழே வெள்ளை எச்சம் வடிந்திருந்தால் அது பழகிய இடம். முதல் நாள் தூரத்தில் நின்று பைனோகுலரால் அரை மணித்தியாலம் பாருங்கள். எந்தக் கம்பிலிருந்து எந்தக் கம்புக்குப் போகிறது என்று தெரியும். அடுத்த நாள் விடிய முன்பே அவற்றில் ஒன்றிலிருந்து 10 மீற்றரில், மரத்தடியிலோ மதிலோடு சாய்ந்தோ இருந்துவிடுங்கள். உங்கள் உடல் வானப் பின்னணியில் எழும்பி நிற்காமல், பின்னால் ஏதாவது இருக்க வேண்டும். பறவை தானாக வரும். வந்ததும் உடனே கமராவைத் தூக்காதீர்கள். முன்பே கண்ணுக்குக் கிட்ட வைத்திருங்கள், அல்லது அது தண்ணீரைப் பார்க்கும்போது மெதுவாக உயர்த்துங்கள். வெள்ளைச் சேர்ட்டும் மினுங்கும் துணியும் வேண்டாம். கருப்பு வெள்ளை மீன்கொத்தி வேறு விதம்: அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றுவிட்டுப் பாயும். அந்தச் சில விநாடிகளில் போகஸ் பிடிப்பது எளிது, பறக்கும் படம் பழகுவதற்கு அதுவே நல்ல ஆசிரியர்.

நடந்துதான் போக வேண்டும் என்றால் நேரே போகாதீர்கள். பக்கவாட்டில், வேறெங்கோ போகிறவர் போல, நாலடி போய் நின்று, அதன் கண்ணைப் பாராமல் தண்ணீரைப் பார்த்துவிட்டு மறுபடி நாலடி. கழுத்தை நிமிர்த்தி நீட்டுவது, மேய்வதை நிறுத்துவது, உடலை முன்னால் சாய்ப்பது, எச்சமிடுவது எல்லாம் எழும்பப் போவதன் அறிகுறி. முதல் அறிகுறியிலேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் திரும்பவும் மேயத் தொடங்கும். மீன் இறக்கும் இடங்களில் திரியும் கொக்கும் செம்பருந்தும் ஆளுக்குப் பழகியவை, அங்கே நீங்கள் ஒளியத் தேவையில்லை. தோணிக்காரரிடம் முதலில் சொல்லிவிட்டு, அவருடைய வேலைக்கு இடைஞ்சல் இல்லாத பக்கம் நில்லுங்கள். ஆட்டோவோ காரோ கரையோரம் நிறுத்த முடிந்தால் உள்ளே இருந்தபடி எடுங்கள். வாகனத்துக்குப் பயப்படாத பறவை, கதவு திறந்து ஆள் இறங்கினால் பயப்படும்.

எப்போது என்ன வரும் என்பது மாரியையும் முகத்துவாரத்தையும் பொறுத்தது. நம் கரையில் கடல் வற்றுப்பெருக்கு சிறியது. ஆகவே வாவியின் மட்டத்தைத் தீர்மானிப்பது மழைவெள்ளமும், முகத்துவாரத்து மணல் திட்டு மூடியிருக்கிறதா வெட்டிவிடப்பட்டிருக்கிறதா என்பதும்தான். நவம்பர், டிசம்பரில் தண்ணீர் ஏறிச் சேற்றுக்கரை மூழ்கினால் உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) நகரக்கரையை விட்டுப் போகும். அப்போது நீர்க்காகம், கூழைக்கடா, ஆலா போன்றவற்றைப் பாருங்கள். முகத்துவாரம் வெட்டி மட்டம் இறங்கியதும், பிறகு பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், சேறு வெளியே வரும். பவளக்காலி, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, உள்ளான் வகைகள் எல்லாம் இறங்கும் காலம் அது. வலசைப் பறவைகள் ஓகஸ்ட் கடைசியிலிருந்து வரத்தொடங்கி ஏப்ரல் வரை நிற்கும். நடுக்கோடையில் பெரும்பாலும் ஊர்ப்பறவைகள்தான். கூடு கட்டும் கோலத்தில் உள்ள கொக்குகளின் நிறம் அழகாக இருக்கும்; குருட்டுக்கொக்கின் முதுகு அப்போது செங்கபிலமாக மாறும்.

பெயர் பிடிப்பதில் ஆரம்பத்தில் குழப்புபவை வெள்ளைக் கொக்குகள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மஞ்சள் என்றால் சின்ன வெள்ளைக்கொக்கு. குட்டையான மஞ்சள் அலகு, தடித்த கழுத்து, மாட்டோடும் குப்பை மேட்டோடும் திரிவது உண்ணிக்கொக்கு. கூடு கட்டும் காலத்தில் தலையும் மார்பும் செம்மஞ்சளாகும். பெரிய வெள்ளைக்கொக்குக்கும் நடுத்தர வெள்ளைக்கொக்குக்கும் அலகு நிறத்தை நம்பாதீர்கள், இரண்டிலும் பருவத்தோடு மஞ்சள் கறுப்பாகும். வாய்க்கோட்டைப் பாருங்கள்: கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரம். இதைக் காட்டுவதற்காகவாவது முகத்தைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நீர்க்காகங்களில் சின்னது 50 செ.மீ. அளவு, அலகு கட்டை. இந்திய நீர்க்காகம் அதைவிடப் பெரிது, அலகு மெல்லியதாய் நீண்டு நுனியில் வளைந்தது, கண் நீலப்பச்சை. நீரில் கழுத்து மட்டும் பாம்புபோல் தெரிந்தால் பாம்புத்தாரா.

வாவிக்கு மேலே மிதந்து மிதந்து தண்ணீரைக் கொத்தி எடுக்கும் ஆலாக்களில் பெரும்பாலானவை மீசை ஆலா. வலசைக் காலத்தில் அது சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கும், கறுப்புத் தொப்பியும் கரிய வயிறும் ஏப்ரலை அண்டித்தான் தெரியும். தடித்த சிவப்பு அலகோடு காகத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்தால் கஸ்பியன் ஆலா. மஞ்சள் அலகும் கலைந்த கொண்டையும் உள்ள பெரிய கொண்டை ஆலாவைக் கல்லடிக் கடற்கரைப் பக்கம் பாருங்கள். கல்லணை விளிம்பில் வாலை ஆட்டியபடி தனியே ஓடும் சின்ன உள்ளானுக்கு, மார்புக்கும் சிறகுக்கும் நடுவே ஒரு வெள்ளை ஆப்பு மேலேறி இருக்கும். நகரத்து வாவிச் சுவரில் ஓகஸ்ட் தொடங்கி நீங்கள் கட்டாயம் காணக்கூடிய வலசைப் பறவை அது.

பூங்காவுக்குள் மரங்களைக் காதால் தேடுங்கள். ஆல், அரசு பழுத்திருந்தால் அந்த மரத்தடியை விட்டு அசைய வேண்டாம். குக்குறுவான், குயில், மாம்பழத்தி, மைனா, கொண்டைக்குருவி எல்லாம் அதே மரத்துக்கு வரும். காகங்கள் ஒரு மரத்தைச் சுற்றி ஒரே இரைச்சலாகக் கத்தினால் உள்ளே ஆந்தையோ வல்லூறோ இருக்கிறது. அணில் நிறுத்தாமல் கீச்சிட்டால் பாம்பாகவும் இருக்கலாம், காலடியையும் பாருங்கள். பொழுதுபடும் நேரத்தில் மைனாவும் காகமும் கிளியும் அடையும் மரங்கள் நகருக்குள் உண்டு. படத்துக்கு வெளிச்சம் போதாவிட்டாலும் எண்ணிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடமில்லை. பைனோகுலர் இல்லையென்றால் லென்ஸுக்கு முன் அதை வாங்குங்கள் என்பேன். 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10 மடங்கு பெரிதாகக் காட்டினாலும் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் குறுகும். நைதரசன் நிரப்பிய, தண்ணீர் புகாத வகையாகப் பாருங்கள். நம் ஈரத்துக்கு மற்றவை தாங்காது.

எல்லாம் சரியாக வைத்தும் படம் மெழுகுபோல் குழைந்து இருந்தால், காலை ஒன்பது மணிக்குப் பின் தூரத்துப் பறவையை எடுத்தீர்களா என்று பாருங்கள். சூடேறிய தண்ணீருக்கும் மணலுக்கும் மேல் காற்று அலைகிறது. எந்த லென்ஸும் அதைத் தாண்டாது. சந்தேகம் தீர, அதே நேரத்தில் 5 மீற்றரில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை எடுங்கள். எழுத்து கூர்மையாக இருந்தால் லென்ஸ் நல்லது, காற்றுதான் காரணம். கல்லடிப் பாலத்தில் நின்று எடுப்பவர்கள் கைப்பிடிச் சுவரில் லென்ஸைச் சாய்ப்பார்கள். வாகனம் போகும்போது பாலமே அதிர்கிறது. அங்கே முழங்கையை விலாவோடு இறுக்கிக் கையில் பிடிப்பது மேல். பூங்கா மதிலில் வைப்பதற்கு, துணிப்பையில் ஒரு கிலோ பச்சைப்பயறு போட்டுத் தைத்தால் போதும், முக்காலி தேவையில்லை.

உப்பும் பூஞ்சையும் கமராவைக் கொல்பவை. கடற்பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியை முதலில் ஊதித் தூசியை நீக்கிவிட்டுத்தான் தொட வேண்டும், உப்புப் பரல் கீறும். மலிவான யூ.வி. கண்ணாடி படத்தின் கூர்மையைக் குறைக்கும். அதற்குப் பதில் லென்ஸ் ஹூட்டை எப்போதும் போட்டு வையுங்கள். மாரி மாதங்களில் கமராப் பையிலேயே வைத்து மூடிவிட்டால் சில வாரங்களில் லென்ஸுக்குள் நூல்போலப் பூஞ்சை ஓடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் வையுங்கள், 40 முதல் 50 வீதத்தில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸ் வெப்ப அடுப்பில் (oven) ஒன்று இரண்டு மணித்தியாலம் காயவைத்து மறுபடி போடலாம். அரிசிக்குள் வைக்க வேண்டாம், ஈரத்தை எடுப்பதைவிட மாத்தூசியைத்தான் கொடுக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் 20, 30 நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வேர்த்துவிடும்.

கரையில் கவனம் வேண்டிய சிலவற்றையும் சொல்ல வேண்டும். வாவியில் முதலை உண்டு; புல் அடர்ந்த தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து படம் எடுக்காதீர்கள், படுக்கவும் வேண்டாம். பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கமோ வேறெங்குமோ கண்ணாக்காட்டுக்குள் போனால், தில்லை மரத்தின் கொப்பை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் தற்காலிகப் பார்வைக் குறைவும் வரும். கரையோரம் ஆட்கள் குளிப்பார்கள், வீடுகளின் பின்பக்கம் வாவியைப் பார்த்தபடி இருக்கும். நீண்ட லென்ஸை அந்தப் பக்கம் திருப்பும்போது பறவையைத்தான் எடுக்கிறீர்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது; கேட்கும் முன்பே கமராத் திரையைக் காட்டிச் சொல்லுங்கள். காவல் நிலையம், முகாம், அரச அலுவலகங்கள் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை; அனுமதி இருந்தாலும் கொக்குகள் அடையும் இடத்துக்கு மேல் விடாதீர்கள்.

கூட்டைப் படம் எடுக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. படத்துக்காக இலையை விலக்கிய கூட்டைக் காகம் அன்றைக்கே கண்டுபிடிக்கும், தாய் விலகிய முட்டை நம் வெயிலில் சில நிமிடங்களில் கெடும். கைத்தொலைபேசியில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது. தன் எல்லையில் இன்னொன்று வந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு அலையும். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளையும் அவற்றின் முட்டை, கூடுகளையும் பாதுகாக்கிறது. நகரத்துப் பூங்கா என்பதால் விதிவிலக்கு இல்லை.

ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வந்திறங்கும்போது களைத்துப்போய்ச் சுவரிலோ கண்ணாடி யன்னலிலோ மோதி விழுவதுண்டு. கண்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, பூனையும் நாயும் அண்டாத அமைதியான இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் பெட்டிக்குள் அசையத் தொடங்கினால் பற்றை உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் (eBird) செயலி இலவசம்; தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஒவ்வொரு பறவையின் எண்ணிக்கை. எண்ணிக்கை தெரியாதபோது வெறும் ‘X’ குறி போடாமல், பத்துப் பத்தாகக் கணித்து ஒரு எண் போடுங்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள், முழுப் பட்டியலாக இருந்தால்தான் எது இல்லை என்பதும் தெரியவரும். பறவையை அடையாளம் காட்டும் மேர்லின் (Merlin) செயலி படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரை அப்படியே ஏற்காமல், அந்தப் பறவை அந்த மாதத்தில், அந்த வகைக் கரையில் இருக்கக்கூடியதா என்று பாருங்கள். அடையாளம் தெரியாத உள்ளானை ‘உள்ளான் வகை’ என்று பதிவது நேர்மையான பதிவு. படம் எடுக்கும்போதே அலகு, கால் நிறம், பறக்கையில் முதுகும் வாலும் என்று மூன்று கோணம் எடுத்து வைத்தால், வீட்டில் இருந்து பெயரைக் கண்டுபிடிக்கலாம்.